குரல் போன பிறகும் பேண்டு தொடரலாமா?

2017 அக்டோபர், ஹாலிவுட் பவுல். செஸ்டர் பென்னிங்டன் இறந்து மூணு மாசம். லிங்கின் பார்க் 'நம்ப்' வாசிக்குது, மைக் முன்னால யாரும் இல்ல. கூட்டமே பாடுச்சு. 2024-ல் அதே பாட்டை எமிலி ஆம்ஸ்ட்ராங் பாடினப்போ பல ரசிகர்களுக்குக் கோபம்.

தொடர்றது துரோகமா? 1980-லயே ரெண்டு பதில் இருக்கு. பான் ஸ்காட் இறந்த ஐந்தே மாசத்துல, பிரையன் ஜான்சனைப் பாட வெச்சு ஏசி/டிசி 'பேக் இன் பிளாக்' வெளியிட்டது. துக்கத்துக்காக அட்டை முழுக்கக் கறுப்பு, ஆரம்பமே மணியோசை. வித்தது கோடிக்கணக்கில். அதே வருஷம் டிரம்மர் ஜான் போனம் மறைய, லெட் செப்பலின் கலைஞ்சிடுச்சு. 2007-ல் லண்டன்ல ஒரு ராத்திரி சேர்ந்தப்போ, டிரம்ஸில் உட்கார்ந்தது போனமின் மகன் ஜேசன்.

என்னைக் கேட்டா, அந்தப் பாட்டுகளைச் சேர்ந்து உருவாக்கினவங்களுக்கு அதை வாசிக்க உரிமை இருக்கு. கேட்க மனசு வரலையா? செஸ்டர் பாடின ரெக்கார்டிங் எங்கேயும் போயிடலை.