பேனாக்கத்திக்கு உரிமம் வேண்டுமா?

புதுச்சேரி ஒன்றியப் பிரதேசத்தின் கோட்டுச்சேரியிலிருந்து வடக்கே நண்டலாற்றுப் பாலத்தைத் தாண்டினால் தமிழ்நாடு. மது விலை மாறும், பெட்ரோல் விலை மாறும். பையில் கிடக்கும் மடக்குக் கத்திக்கான சட்டம் மட்டும் மாறாது. அமெரிக்காவில் ஒவ்வொரு மாநிலத்துக்கும் தனிக் கத்திச் சட்டம் உண்டு. இங்கே ஆயுதம் ஒன்றியப் பட்டியலில் இருப்பதால், இரு கரைக்கும் 1959ஆம் ஆண்டு ஆயுதச் சட்டம்தான்.

அந்தச் சட்டமும் 2016ஆம் ஆண்டு விதிகளும் முதலில் அலகைப் பார்க்கின்றன: 9 அங்குல நீளத்தையோ 2 அங்குல அகலத்தையோ தாண்டுகிறதா? அடுத்து, எதற்காகச் செய்யப்பட்டது? வீட்டுக்கும் வயலுக்கும் தொழிலுக்கும் என்றே செய்தவை இந்தக் கணக்கில் வராது. அரிவாள்மனையும் கருக்கரிவாளும் மீன் வெட்டும் கத்தியும் ஆயுதமாகாதது இதனால்தான். அளவைத் தாண்டிய கத்தியானாலும், மத்திய அரசு 4ஆம் பிரிவின்கீழ் அறிவித்த பகுதிகளில்தான் வைத்திருக்க உரிமம் தேவை.

ஆகவே மாங்காய் நறுக்கும் பேனாக்கத்திக்குப் பயப்பட வேண்டியதில்லை. வம்பு பட்டன் கத்தியில். பட்டனை அழுத்தியதும் ஸ்பிரிங் அலகை வெளியே தள்ளிவிடும். மறு கை தேவையே இல்லை. டெல்லியில் 1980இல் வந்த அறிவிக்கை இந்த வகையையும், 7.62 செ.மீ. நீளமும் 1.72 செ.மீ. அகலமும் எட்டிய கத்திகளையும் குறிவைத்தது. அதன்கீழ் பதிவான ஒரு வழக்கை உச்ச நீதிமன்றம் 2025இல் ரத்து செய்தது. அறிவிக்கை தடுப்பது தயாரிப்பையும் விற்பனையையும் விற்பதற்காக வைத்திருப்பதையும். அப்படி ஒரு குற்றச்சாட்டே அந்த வழக்கில் இல்லை.

சின்னக் கத்திதானே என்று அசட்டையாக இருந்துவிடவும் கூடாது. அதனால் ஒருவருக்குக் காயம் ஏற்படுத்தினால் பாரதிய நியாய சன்ஹிதாவின் 118ஆம் பிரிவு பாயும். திருவிழா, தேர்தல், கலவர நேரங்களில் பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 163ஆம் பிரிவுத் தடையுத்தரவு வந்தால், அதில் சொன்ன எதையும் வெளியே எடுத்துப் போக முடியாது.

ஆற்றுக்கு அந்தப் பக்கம் 2021 செப்டம்பரில் தமிழ்நாடு காவல்துறை, அரிவாள், கத்தி செய்வோர் வாங்குபவரின் பெயர், முகவரி, காரணத்தைக் குறித்து வைக்க வேண்டும் என்றது. கொலைகளைத் தடுக்கும் அக்கறை நியாயமானதே. ஆனால் கொல்லப் போகிறவன் உண்மைப் பெயரைச் சொல்லி அரிவாள் வாங்குவானா? நோட்டும் கேள்வியும் கொல்லுப்பட்டறைக்காரர் தலையில்தான் விழுகின்றன. பதிவு வேண்டுமென்றால், எந்தக் கத்திக்கு, எந்த அளவுக்கு மேல் என்பதைத் தமிழில் அச்சடித்து ஒவ்வொரு பட்டறைக்கும் கொடுக்க வேண்டும்.