காருக்குள் "குளம்"! கண்ணாடி மேல் பழி; குற்றவாளி வேப்பிலை!

சென்னை புதுப்பேட்டை. அடைமழை விட்ட மறுநாள். ஒரு மெக்கானிக் ஷெட் வாசலில் வாடகைக் கார் வந்து நின்றது. கதவைத் திறந்ததும் குப்பென்று நாற்றம்!

டிரைவருக்குப் பக்கத்து சீட்டின் முன்னால், கால் வைக்கும் இடத்தில் தண்ணீர் தேங்கி நின்றது.

"ரெண்டு தடவை முன் கண்ணாடிக்கு சிலிக்கான் பூசியாச்சு அண்ணே. நின்னபாடில்லே. ஏறுற சவாரியெல்லாம் மூக்கைப் பொத்துது. மாசம் பொறந்தா வண்டிக்குத் தவணை கட்டணும்" என்று புலம்பினார் டிரைவர்.

மெக்கானிக் சிரித்தார்.

"தண்ணி நிக்கிற இடம் வேற, நுழையிற இடம் வேற தம்பி. நுழையிற இடத்தைப் பிடிப்போம்" என்றார்.

எந்தத் தண்ணீர்?

அது மழைத் தண்ணீர்தானா? அதுதான் முதல் கேள்வி.

மழையில்லாத நாளில் ஏ.சி. போட்டு ஓட்டும்போதும் நனைகிறதா? அப்படியானால் ஏ.சி. தண்ணீர் வெளியேறும் குழாய் அடைத்திருக்கும். தொட்டால் பிசுபிசுப்பு, இனிப்பு வாடை என்றால் அது கூலண்ட்.

இந்த வண்டியில் இரண்டும் இல்லை. மழை பெய்தால் மட்டுமே தண்ணீர்!

பவுடர் சோதனை

மிதியடியும் கார்பெட்டும் வெளியே வந்தன. தரையைத் துணியால் ஒற்றித் துடைத்தார்கள். முகத்துக்குப் போடும் பவுடரைத் தூவினார்கள். தண்ணீர் வந்தால் பவுடரில் கோடு விழுந்து வழியைக் காட்டிக் கொடுத்துவிடும்.

டார்ச் லைட்டுடன் உதவியாளர் உள்ளே உட்கார்ந்தார். வெளியே ரப்பர் குழாயில் மெதுவாகத் தண்ணீர். கீழிருந்து மேலாக, ஒவ்வொரு இடத்திலும் பத்து நிமிடம்!

எடுத்ததும் மேலே ஊற்றினால் எங்கும் வழிந்து, எது ஓட்டை என்றே தெரியாது. வாட்டர் சர்வீஸ் வேகமும் கூடாது. மழை நுழையாத இடத்திலும் அது நுழைந்துவிடும்.

முதலில் கதவு. கண்ணாடி இறங்கும் இடுக்கு வழியாகக் கதவுக்குள் மழை போவது சகஜம். அடித்துளை வழியாக அது வெளியேறிவிடும். உள்பக்கம் ஒட்டிய பிளாஸ்டிக் தாள் காருக்குள் வராமல் தடுக்கும். ஸ்பீக்கர் மாட்டும்போது அதைக் கிழித்துவிட்டால் வம்புதான்.

பத்து நிமிடம் ஆயிற்று. பவுடர் காய்ந்தே இருந்தது. அடுத்து வைப்பருக்குக் கீழே குழாயைப் பிடித்தார்கள்.

"அண்ணே, வருது... வருது!" உள்ளேயிருந்து குரல்!

இலை செய்த வேலை

வைப்பரைக் கழற்றி, அதன் அடியில் இருந்த கறுப்பு பிளாஸ்டிக் மூடியை எடுத்தார் மெக்கானிக். உள்ளே கைப்பிடி கைப்பிடியாக மக்கிய வேப்பிலை!

கண்ணாடியில் வழியும் மழை இந்தப் பள்ளத்தில் இறங்கி, ஓரத்துத் துளைகள் வழியாக வெளியே போக வேண்டும். துளை அடைத்ததால் பள்ளம் தொட்டியாகிவிட்டது. நிரம்பிய தண்ணீர், ஏ.சி.க்குக் காற்று இழுக்கும் வாய் வழியாக உள்ளே இறங்கிவிட்டது.

"வண்டியை எங்கே நிறுத்துறே?"

"வீட்டு வாசல் வேப்ப மரத்தடியிலே அண்ணே!"

சிலிக்கானுக்குக் கொடுத்த காசெல்லாம் தண்டம்!

டிக்கியில் தண்ணீர் நின்றாலும் இதே சோதனைதான். ஸ்டெப்னி வைக்கும் குழியைப் பார்த்துவிட்டு, பின் விளக்கு ரப்பரையும் டிக்கி பீடிங்கையும் சோதிக்க வேண்டும்.

மேலே காய்ந்தால் போதாது

வழியை அடைத்ததோடு வேலை முடியவில்லை. கார்பெட்டின் அடியிலுள்ள பஞ்சு தண்ணீரைக் குடித்து வைத்திருக்கும். மேலே தொட்டால் காய்ந்த மாதிரி ஏமாற்றும். அதைத் தூக்கி வெயிலில் போட வேண்டும். இல்லாவிட்டால் தகரம் துருப்பிடிக்கும். சீட்டுக்கடியில் ஓடும் ஒயர் இணைப்புகள் பச்சை பூத்துவிடும். அப்புறம் செலவு ஆயிரக்கணக்கில்!

வடகிழக்குப் பருவமழை அக்டோபர் முதல் டிசம்பர் வரை. அது தொடங்கும் முன்பே வைப்பர் பள்ளத்தில் கிடக்கும் இலையை அள்ளிப் போடுங்கள். அதற்குக் காசு வேண்டாம், கை போதும்!