அப்பாவின் பிரஷரும் முவைலா டென்ஷனும்

ஷார்ஜாவின் முவைலாவில் குடியிருந்து துபாய்க்கு வேலைக்குப் போய்வருகிறவரிடம் பிரஷர் பற்றிக் கேளுங்கள். "அப்பாவுக்கும் இருந்துச்சு, பரம்பரை" என்பார். இல்லையென்றால், "டென்ஷன்தான், ஊருக்குப் போனா இறங்கிடும்" என்பார். இரண்டுமே டாக்டரிடம் போகாமலிருக்கச் சொல்லும் சாக்குகள். பரம்பரையும் டென்ஷனும் தனித்தனியாக வேலை செய்வதில்லை.

ரத்தக்கொதிப்புக்கென்று ஒற்றை மரபணு பெரும்பாலும் கிடையாது. நூற்றுக்கணக்கானவை சேர்ந்து, ஒவ்வொன்றும் இம்மியளவு ஏற்றிவிடுகின்றன. அந்த உடம்பில் மன அழுத்தம் என்ன செய்யும்? 1983-இல் 'சயன்ஸ்' இதழில் ஓர் ஆய்வு வந்தது. இளைஞர்களை இரண்டிரண்டு பேராக உட்காரவைத்து, மூளைக்கு வேலை கொடுத்துப் போட்டி நடத்தினார்கள். பெற்றோருக்கு ரத்தக்கொதிப்பு இருந்தவர்களுக்கும், தங்களுக்கே ரத்த அழுத்தம் எல்லைக்கோட்டில் நின்றவர்களுக்கும் சிறுநீரில் உப்பும் நீரும் வெளியேறுவது குறைந்துபோனது. பதற்றத்தில் அவர்கள் சிறுநீரகம் உப்பைப் பிடித்து வைத்துக்கொண்டது.

இதை இங்கே பொருத்திப் பாருங்கள். டியூட்டி முடிந்து, ஷேக் முகமது பின் சாயித் சாலை நெரிசலில் ஊர்ந்து, வீடு வந்து குப்பூஸுக்கு ஊறுகாயும் கருவாடும் தொட்டுக்கொள்கிறோம். நடுவில் ஊரிலிருந்து கடன் பேச்சு. உடம்பு உப்பை விடாத நேரம் பார்த்து மேலும் உப்பு.

ஊரில் அப்பா அம்மாவுக்குத் தமிழக அரசின் 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டம் வழியாக பிரஷர் மாத்திரை வீட்டுக்கு வருகிறதா? அப்படியானால் முப்பது வயதானாலும் நீங்கள் அளந்து பார்க்க வேண்டியவர். விசா மெடிக்கல் பாஸானதை நம்பாதீர்கள். அது முக்கியமாகக் காசநோய், எச்.ஐ.வி. போன்ற தொற்றுகளைத் தேடுவது. டீ, சிகரெட் முடிந்து அரை மணி நேரம் கழித்து, ஐந்து நிமிடம் சும்மா உட்கார்ந்த பிறகு அளக்க வேண்டும். வெவ்வேறு நாட்களில் 140/90-ஐத் தொட்டால் டாக்டர்தான் வழி. மாத்திரையால் அளவு இறங்கியதும் தானாக நிறுத்துவது நம்மவர்களின் பெரிய தவறு, இறங்கியதே மாத்திரையால்தான்.

செலவுக்குப் பயந்து இருக்கத் தேவையில்லை. 2025 ஜனவரி 1 முதல் ஷார்ஜா உள்ளிட்ட வடக்கு எமிரேட்டுகளிலும் தனியார் ஊழியர்களுக்கும் வீட்டுப் பணியாளர்களுக்கும் மருத்துவக் காப்பீடு கட்டாயம். பிரீமியம் கம்பெனியின் பொறுப்பு. சம்பளத்தில் பிடிக்கக் கூடாது. அடிப்படைத் திட்டத்தில் நாட்பட்ட நோய்களுக்குக் காத்திருப்புக் காலமும் கிடையாது. சிகிச்சைச் செலவில் ஒரு பகுதியை மட்டும் நாம் கட்ட வேண்டிவரும்.

விடுப்பு கிடைக்காதே என்றும் பயப்பட வேண்டாம். தனியார் ஊழியர்களுக்கான அமீரகத்தின் 2021-ஆம் ஆண்டுத் தொழிலாளர் சட்டப்படி, தகுதிகாண் காலம் முடிந்தவருக்கு ஆண்டில் 90 நாள் வரை மருத்துவ விடுப்பு உண்டு: முதல் 15 நாள் முழுச் சம்பளம், அடுத்த 30 நாள் பாதி, மீதி சம்பளமின்றி. டாக்டர் சான்றிதழோடு மூன்று வேலை நாளுக்குள் தெரிவித்துவிட வேண்டும். கம்பெனி மறுத்தால் மனிதவள அமைச்சகத்தில் புகார் செய்யலாம், எண் 80084. ஆனால் திடீரென்று வாய் கோணினாலோ, பேச்சு குழறினாலோ, நெஞ்சு வலித்தாலோ 998-க்கு அழைத்து ஆம்புலன்ஸ் வரவழையுங்கள். ரூம்மேட்டின் மாத்திரையை வாங்கிப் போட்டுக்கொண்டு படுத்துவிடாதீர்கள்.