மோட்டார் காருக்கு ஏற்ற எண்ணெய் எது?

தையல் மிஷினுக்கு எண்ணெய் விட்டறியாத வீடு நம் வட்டாரத்தில் அரிது. மூக்கு நீண்ட சிறு குப்பியிலிருந்து இரண்டு சொட்டு விட்டால், முனகிக்கொண்டிருந்த மிஷின் வாயடைத்து ஓடுகிறது. திருப்பூர்ப் பனியன் கம்பெனிகளில் வட்டப் பின்னல் மிஷினின் ஊசிகளுக்கு விடும் எண்ணெய் வேறு. அது துணியில் பட்டாலும் சலவையில் கறையின்றிப் போய்விட வேண்டும். நூற்பாலைக் கதிர்களுக்கோ மிக மெலிந்த எண்ணெய். வேலைக்குத் தக்க எண்ணெய் என்பது நம் ஊரில் யாவரும் அறிந்ததே. ஆயினும் வாசலில் நிற்கும் காரின் விஷயத்தில் மட்டும், ‘கெட்டியானது நல்லது, விலை கூடியது அதைவிட நல்லது’ என்ற எண்ணம் வேரூன்றிவிட்டது.

குண்டடம், பல்லடம், தாராபுரம் பக்கத்தில் சீட்டுக் கட்டிச் சேர்த்த பணத்தில் பழைய கார் வாங்கும் குடும்பங்கள் பல. அந்தக் காரின் இஞ்சினை ஒருமுறை பிரித்து வேலை பார்க்க நேர்ந்தால் குடும்பச் சேமிப்பே கரைந்துவிடும். ஆகவே இதனைச் சற்று ஆராய்வோம்.

உராய்வைக் குறைப்பது மட்டுமா இஞ்சின் ஆயிலின் வேலை? இல்லை. தண்ணீர் எட்டாத இடங்களிலிருந்து அது வெப்பத்தை வாங்கி வருகிறது, கரியையும் அழுக்கையும் தன்னுள் ஏந்திக்கொள்கிறது, துருப்பிடிக்காமல் காக்கிறது. புது ஆயில் சில நாளில் கறுத்துவிட்டது என்று சிலர் குறைபடுவர். கறுத்தால் அது அழுக்கை ஏந்துகிறது என்று பெரும்பாலும் பொருள்.

இனி டப்பாவின் மேலுள்ள எண்களைப் பார்ப்போம். தோசைக் கல் சூடேறாதபோது விட்ட நல்லெண்ணெய் மெல்ல நகரும். சூடேறியபின் தண்ணீராய் ஓடும். இந்த ஓட்டத் தடையையே பாகுநிலை என்கிறோம். அதனை எண்ணால் குறிக்கும் முறையை அமெரிக்க மோட்டார்ப் பொறியாளர் சங்கம் 1911இல் வகுத்தது. ‘5டபிள்யூ-30’ என்பதில் ‘டபிள்யூ’ என்பது குளிர்காலத்தைக் குறிக்கும் ஆங்கிலச் சொல்லின் முதலெழுத்து. முன்னெண், உறைகுளிரில் இஞ்சின் சுழல எவ்வளவு இடங்கொடுக்கும் என்பதற்கு. 5டபிள்யூ எண்ணெயைச் சுழியத்திற்குக் கீழ் 30 டிகிரியிலும், 20டபிள்யூ எண்ணெயைச் சுழியத்திற்குக் கீழ் 15 டிகிரியிலும் சோதிக்கிறார்கள். பின்னெண், 100 டிகிரி செல்சியஸ் சூட்டில் எண்ணெய் எவ்வளவு கெட்டியாக நிற்கிறது என்பதற்கு. 30 என்றால் 9.3 முதல் 12.5 சென்டிஸ்டோக்ஸ் வரை. 40 என்றால் 12.5 முதல் 16.3 வரை.

‘குண்டடத்தில் ஏது உறைகுளிர்? நம் வெயிலுக்குக் கெட்டியான 20டபிள்யூ-50தான் சரி’ என்று அனுபவமுள்ள மெக்கானிக்குகளே சொல்வதுண்டு. அம்பாசிடர் ஓடிய காலத்தில் அது தவறன்று. இன்றைய காருக்கு இரு காரணங்களால் அது பொருந்தாது. முதலாவது, வெளியே 40 டிகிரி வெயிலானாலும் மார்கழிப் பனியானாலும், தெர்மோஸ்டாட் குளிர்விப்பு நீரைச் சுமார் 90 டிகிரியில் வைத்திருக்கிறது. சூடேறி ஓடும் இஞ்சினில் எண்ணெயும் அதையொட்டியே, ஏறக்குறைய 90 முதல் 110 டிகிரிக்குள் நிற்கும். காரில் ஆள் நிறைய ஏற்றி வால்பாறைக் கொண்டையூசி வளைவுகளில் ஏறினால் சற்றுக் கூடும். தாராபுரம் போய்வந்தால் கூடாது. இரண்டாவது, புதிய இஞ்சின்களின் இடுக்குகள் நுண்ணியவை. வால்வுகளின் நேரத்தை மாற்றும் பொறிகூட எண்ணெயின் அழுத்தத்தால்தான் இயங்குகிறது. 0டபிள்யூ-20 கேட்கும் இஞ்சினுக்கு 20டபிள்யூ-50 ஊற்றினால் காலையில் முதல் சாவி திருப்பும்போது எண்ணெய் மேலே போய்ச் சேரத் தாமதமாகும், மைலேஜும் குறையும்.

சரி, செயற்கை எண்ணெய் என்கிறார்களே, அது என்ன? நூலை வைத்துச் சொன்னால் நமக்கு உடனே விளங்கும். பஞ்சில் நீளமும் குட்டையுமான இழைகள் கலந்திருக்கின்றன. அப்படியே நூற்றால் கார்டட் நூல். குட்டை இழைகளைச் சீவித் தள்ளி நூற்றால் கோம்டு நூல். பஞ்சே இல்லாமல் இரசாயனத்தால் இழுத்தெடுத்தால் பாலியெஸ்டர். கச்சா எண்ணெயை வடித்துப் பிரிக்கும் சாதாரண எண்ணெய் கார்டட் நூல் போன்றது. சென்னை மணலியில் 1969இல் இயங்கத் தொடங்கிய சுத்திகரிப்பு ஆலை அப்படிப்பட்ட அடிப்படை எண்ணெயைத் தந்து வந்திருக்கிறது. ஹைட்ரஜனை மிகுந்த அழுத்தத்தில் செலுத்தி அதன் மூலக்கூறுகளை உடைத்துச் சீராக்கினால் கோம்டு நூல். எத்திலீன் வாயுவிலிருந்து மூலக்கூறுகளை ஒரே அளவாகக் கோத்துக் கட்டினால் பாலியெஸ்டர். இந்த மூன்றாவதுதான் உண்மையில் செயற்கை. ஆனால் 1999இல் அமெரிக்க விளம்பர ஒழுங்கமைப்பு ஒன்று இரண்டாவதையும் அப்பெயரால் அழைக்கலாம் என்று தீர்ப்பளித்தது. கடையில் ‘முழுச் செயற்கை’ என்று விற்கும் டப்பாக்களில் பல இந்த இரண்டாம் வகையே. அதனால் அவை மட்டம் என்று எண்ணிவிட வேண்டாம். கோம்டு நூல் பனியனை யாரும் குறை சொல்வதில்லை அல்லவா?

இதன் பயன் எங்கே தெரியும்? மார்கழிக் காலையில் தேங்காய் எண்ணெய் உறைவதுபோல், சாதாரண எண்ணெயிலுள்ள மெழுகு கடுங்குளிரில் கெட்டிப்படும். வடை சுட்ட எண்ணெயைத் திரும்பத் திரும்பக் காய்ச்சினால் பிசுபிசுப்பதுபோல், சூட்டில் அது ஆக்ஸிஜனோடு சேர்ந்து கசடாகும். செயற்கை எண்ணெய் இரண்டையும் நன்றாகத் தாங்கும். முதற்குணம் காஷ்மீரத்தாருக்கு உதவும். நமக்கு உதவுவது இரண்டாவதுதான். 0டபிள்யூ-20 போன்ற மெல்லிய எண்ணெயைச் செயற்கை அடிப்படை இன்றிச் செய்வதும் அரிது. ஆகவே அதைக் கேட்கும் புதிய காருக்குச் செயற்கை எண்ணெய் தவிர்க்க இயலாதது. இருபது வருடம் ஓடித் தேய்ந்து, ஆயில் குடித்து, கீழே சொட்டும் காருக்கு அதை ஊற்றுவது, எங்கள் கருத்தில், பணத்தைச் சொட்டவிடுவதே. கையேடு அனுமதிக்கும் சாதாரண எண்ணெயை ஊற்றிக் காலம் தவறாமல் மாற்றினால் போதும்.

எண்களோடு எழுத்துகளும் உண்டு. பெட்ரோல் காருக்கு ‘ஏபிஐ எஸ்பி’ என்பது 2020இல் வந்த தரம். 2025இல் ‘எஸ்க்யூ’ வந்தது. கையேடு கேட்பதற்குப் பின்வந்த தரம் பொதுவாகப் பொருந்தும், முன்னது பொருந்தாது. 2020 ஏப்ரலில் பாரத் ஆறாம் நிலை விதி வந்தபின் விற்ற டீசல் கார்களில் கவனம் மிக வேண்டும். அவற்றின் புகைக்குழாயில் கரியைப் பிடிக்கும் வடிகட்டி உண்டு. சாம்பல் மிகுந்த பழைய ரக டீசல் ஆயிலை ஊற்றினால், எரியாத அந்தச் சாம்பல் அதை மெல்ல மெல்ல அடைக்கும். புதிது வாங்க ஆகும் செலவைக் கேட்டால் மயக்கமே வரும்.

காரில் மிஞ்சிய ஆயிலை அண்ணனின் மோட்டார் சைக்கிளுக்கு ஊற்றும் சிக்கனமும் வேண்டாம், தோழியரே! பெரும்பாலான மோட்டார் சைக்கிள்களில் கிளட்ச் எண்ணெயிலேயே நனைந்து சுழல்கிறது. கார் ஆயிலின் வழுக்கும் மருந்து அதை நழுவச் செய்யும். அதற்கு ‘ஜாஸோ எம்ஏ’ என்று போட்டிருக்க வேண்டும்.

எப்போது மாற்றுவது? பல கார்களுக்கு 10,000 கிலோமீட்டர் அல்லது ஓராண்டு, எது முந்துகிறதோ அது. ஆனால் அதே கையேட்டில் ‘கடின உபயோகம்’ என்றொரு பத்தி இருக்கும். புழுதிச் சாலை, சூடேறுமுன் முடியும் சிறு பயணம் ஆகியவற்றுக்கு முன்னதாகவே மாற்றச் சொல்லும். ஆடிக் காற்றில் புழுதி பறக்கும் நம் ஊர்ச் சாலைகளுக்கே எழுதியதுபோல் இருக்கிறது அது! பெட்ரோல் ஆவியும் நீரும் எண்ணெயில் கலந்துவிட்டால், நெடுந்தூரம் ஓடிச் சூடேறினால்தான் வெளியேறும். சந்தைக்கும் பள்ளிக்கும் மட்டும் ஓடும் காரில் அவை தங்கிவிடும். புழுதிக்கோ காற்று வடிகட்டியே முதல் காவல். அது கிழிந்திருந்தால் எந்த ஆயிலும் மணலைத் தடுக்காது.

எடுத்த பழைய ஆயிலைக் கரையானுக்கென்று கம்பத்தில் பூசுவதும் பள்ளத்தில் கொட்டுவதும் இன்னும் நடக்கிறது. மழை வந்தால் அது கிணற்றுக்கும் உப்பாற்றுக்கும் போகும். பதிவு பெற்ற மறுசுழற்சியாளருக்குச் சேர்ப்பிக்கும் ஒர்க் ஷாப்பில் கொடுப்பதே முறை. காலி டப்பாவைப் பழைய பேப்பர்காரரிடம் அப்படியே போடாமல், அடியில் இரண்டு ஓட்டை இட்டுப் போட வேண்டும். கள்ள எண்ணெய் நிரப்புவோர் தேடுவது ஓட்டை இல்லாத டப்பாவைத்தான்.