அடியில் கிடக்கும் அரை விரற்கடை மை

மைப்பேனாவில் எழுதுகிறவர் மேசையில் எப்போதாவது இரண்டு புட்டிகள் அருகருகே வந்து நிற்கும். ஒன்று புதிது, கழுத்துவரை மை. இன்னொன்று பழையது, அடியில் அரை விரற்கடைதான் மிச்சம். ஒரே கம்பெனி, ஒரே நீலம். பழையதைப் புதியதில் கவிழ்த்துவிட்டால் மேசையில் ஓர் இடம் காலியாகும், மையும் வீணாகாது என்று கை பரபரக்கும். கவிழ்க்கக் கூடாது என்பது என் கட்சி.

லேபிளில் பெயர் ஒன்றாக இருப்பதால் உள்ளே இருப்பதும் ஒன்றுதான் என்று நம்பிவிட முடியாது. ஜெர்மனியின் லாமி நிறுவனம் புட்டியில் விற்ற புளூ-பிளாக், முன்பு இரும்புச் சத்து கலந்த மை. பிறகு அதே பெயரிலேயே வெறும் சாய மையாக மாறியது. இரும்பு மை என்பது பழைய வித்தை. நாட்டு மருந்துக் கடையில் கிடைக்கும் மாசிக்காயும் அன்னபேதியும்தான் அதன் மூலச் சரக்கு. புட்டிக்குள் இருக்கும்வரை அமிலம் இரும்பைக் கரைசலாகவே பிடித்து வைத்திருக்கும். தாளில் காற்றுப் பட்டதும் அது கருத்து, நீரில் கரையாத பொருளாகிவிடும். எழுத்து அழியாமல் நிற்பது இதனால்தான். ஆனால் அமிலத்தன்மை குறைந்த வேறொரு மையை அதில் ஊற்றினால் இந்தப் பிடி தளர்ந்து, தாளில் நடக்க வேண்டியது புட்டிக்குள்ளேயே நடந்துவிடக்கூடும். அந்தக் கரும்பொடி நிப்புக்கு அடியில் மை இறங்கும் மயிரிழைக் கால்வாயில் போய் உட்கார்ந்தால், தண்ணீரில் அலசி எடுப்பது பெரும்பாடு. இதற்கு நேர் எதிர்த் துருவமும் உண்டு. பார்க்கர் நிறுவனம் 1941-இல் தன் ‘51’ என்ற பேனாவுக்கென்றே கொண்டுவந்த மை கடுமையான காரத்தன்மை உடையது. மற்ற பேனாக்களில் ஊற்ற வேண்டாம் என்று நிறுவனமே எச்சரித்தது. அமிலத்தையும் காரத்தையும் நிறத்தை மட்டும் பார்த்துச் சேர்த்து வைப்பது ஜாதகம் பார்க்காத கல்யாணம் என்று சொல்லலாம். நமக்கு ஜாதகத்தில் நம்பிக்கை இல்லாவிட்டாலும் மைக்கு இருக்கிறது.

சரி, இரண்டுமே சாதாரண சாய மை, செய்முறையும் மாறவில்லை என்றே வைத்துக்கொள்வோம். அப்போதும் பழைய புட்டி, பிறந்த அன்று இருந்த புட்டி இல்லை. பாதி காலியான புட்டியில் அந்தக் காலிப் பாதி முழுக்கக் காற்று. நீர் ஆவியாகி மை தடித்திருக்கும். ஒவ்வொரு முறை பேனா உள்ளே முங்கியபோதும் தூசியும், முன்பு போட்ட வேறு மையின் எச்சமும், பூஞ்சை வித்துகளும் கூடவே இறங்கியிருக்கும். அந்தக் காலத்து மைகள் பலவற்றில் பூஞ்சையைத் தடுக்க பீனால் சேர்ப்பார்கள். பழைய புட்டியைத் திறந்ததும் வருகிற ஆஸ்பத்திரி வாடை அதுதான். தடுப்பு மருந்தின் வீரியம் குறைந்த புட்டியில் பூஞ்சை தொற்றியிருந்தால், அந்த மிச்சத்தைப் புதியதில் ஊற்றுவது பாலுக்கு உறை ஊற்றுவது போலத்தான். ஒரு கரண்டி போதும், முழுப் பாத்திரமும் மாறிவிடும்.

‘காலங்காலமாக ஊற்றித்தானே வருகிறோம், ஒன்றும் ஆகவில்லையே’ என்பார்கள். உண்மைதான். சில வருஷ இடைவெளியில் வாங்கிய ஒரே சாய மை பெரும்பாலும் சண்டை போடாது. என் கணக்கு வேறு. தப்பினால் லாபம் ஐந்து மில்லி, தப்பாவிட்டால் நஷ்டம் ஐம்பது அறுபது மில்லியும் ஒரு பேனாவும். ஜப்பானின் பிளாட்டினம் நிறுவனம் மிக்ஸ் ஃப்ரீ என்று கலப்பதற்கென்றே ஒன்பது நிறங்கள் விற்கிறதே என்றும் கேட்கலாம். அதுவே என் கட்சிக்குச் சாட்சி. எல்லா மையும் தாராளமாகக் கலக்குமென்றால் அப்படித் தனி வரிசை எதற்கு?

உண்மையில் நம்மைக் கவிழ்க்கத் தூண்டுவது சிக்கனம்கூட இல்லை. மை இருக்கிறது, நிப்பு முங்கவில்லை, அவ்வளவுதான். மை வியாபாரிகள் இதை எப்போதோ புரிந்துகொண்டார்கள். ஷீஃபர் தன் ஸ்கிரிப் புட்டியின் வாயருகே உள்பக்கம் சிறு கிண்ணம் வைத்தது. மூடியபடி சாய்த்து நிமிர்த்தினால் கிண்ணத்தில் மை தங்கும். வாட்டர்மேன் புட்டியைச் சரித்து உட்கார வைக்கலாம். லாமி புட்டியின் அடியில் கடைசிச் சொட்டுக்கென்றே ஒரு குழி. உங்கள் புட்டியில் இவை எதுவும் இல்லையென்றால் மருந்துக் கடை சிரிஞ்சு போதும். ஐந்து மில்லி மிச்சம் என்றால் பேனாவுக்குள் மை தாங்கும் சாதாரண கன்வெர்ட்டரை ஐந்தாறு முறையாவது நிரப்பலாம்.

அதற்கு முன் புட்டியை வெளிச்சத்தில் சாய்த்துப் பாருங்கள். மேலே ஏடு படிந்திருந்தாலோ, நூல் நூலாக ஏதாவது மிதந்தாலோ, புளித்த நாற்றம் அடித்தாலோ, மிச்சமே வேண்டாம், கொட்டிவிடுங்கள். வெறுமனே தடித்திருந்தால் சில சொட்டு வாலைவடிநீர் போதும். கலந்தே தீருவேன் என்பவர் இரண்டிலும் பத்துப் பத்துச் சொட்டு எடுத்து, ஒரு சுத்தமான கண்ணாடிக் குப்பியில் மூடி ஒரு வாரம் வையுங்கள். அடியில் மண்டி தெரியவில்லையென்றால் கலந்ததைப் பழைய புட்டியில் வைத்துக்கொள்ளுங்கள். புதிய புட்டியில் மட்டும் ஊற்றாதீர்கள்.