கரும்பின் வேரைத் தின்னும் வெள்ளைப்புழு

சத்தியமங்கலம் பக்கம் எங்கள் தோட்டத்தில் கரும்பு மஞ்சளடித்தால் நான் முதலில் உரத்தைத் தேடமாட்டேன், மண்வெட்டியை எடுப்பேன். வேரடியில் வெள்ளைப்புழு சுருண்டு கிடக்கும்: பழுப்புத் தலை, மூன்று ஜோடிக் கால், மண் தின்று கறுத்த வால்பக்கம். வேர் போன தூர், கையால் இழுத்தாலே வந்துவிடும். அந்த நிலையில் மருந்து ஊற்றுவது பெரும்பாலும் வீண் செலவு.

பிடிக்க வேண்டியது தாய்வண்டை. நல்ல கோடை மழை பெய்ததும், பொழுது சாய மண்ணைவிட்டுக் கிளம்பி வேம்பிலும் வேல மரத்திலும் மொய்க்கும். கிளையை உலுக்கி, விழுவதைப் பொறுக்கி மண்ணெண்ணெய் கலந்த தண்ணீரில் போடுங்கள். ஊரே சேர்ந்து இறங்க வேண்டும். பக்கத்துக் காட்டு வண்டு வரப்பு பார்க்காது. கோடை உழவில் புரளும் புழுவைக் கொக்கும் மைனாவும் தின்றுவிடும். மெட்டாரைசியம் பூஞ்சாணத்தைத் தொழுவுரத்தில் கலந்து, மண் ஈரமாக இருக்கும்போது வேரடியில் இடுங்கள். புழு செத்துப் பச்சை பூக்கும்.