எவ்ரியா, டவுன்ஏஸா? மலைநாட்டுக்கு ஒரு வேன்

கொழும்பில் வேன் வாங்குகிறவர் கேட்கத் தேவையில்லாத சில கேள்விகளைக் கொட்டகலையில் வாங்குகிறவர் கேட்டே ஆகவேண்டும். காலையில் பிள்ளைகளைப் பாடசாலையில் இறக்க வேண்டும். பகலில் கடைக்கு மாவும் சீனியும் ஏற்ற வேண்டும். வாரத்தில் ஒருநாள் லீக்ஸும் கரட்டும் நுவரெலியாவுக்குப் போகும். நடுச்சாமத்தில் லயத்தில் யாருக்காவது நெஞ்சு வலித்தால் டிக்கோயா ஆஸ்பத்திரிக்கும் அதே வண்டிதான். இத்தனையும் நடப்பது ஹட்டனுக்கும் (1,270 மீற்றர்) நுவரெலியாவுக்கும் (1,868 மீற்றர்) இடையில் ஏறி இறங்கும் வீதிகளில்.

ஒரு காலத்தில் இந்த வேலைக்கெல்லாம் டீசல் டவுன்ஏஸ்தான். 'லொட்டோ' என்றால் இன்றும் வயதான பாஸ்மார் முகம் மலர்வார்கள். இன்று கையில் இருக்கும் காசுக்கும் லீசிங் கம்பனி தரும் காசுக்கும் இடையில் பெரும்பாலும் இரண்டு பெயர்கள்தான் வந்து நிற்கின்றன. ஒன்று 'படி வேன்' என்று ஊர் அழைக்கும் வகையைச் சேர்ந்த சுசுகி எவ்ரி. மற்றது டொயோட்டா டவுன்ஏஸ் 402. வாகன இறக்குமதி 2020 மார்ச்சில் நிறுத்தப்பட்டு, தனியார் வாகனங்களுக்கு 2025 பெப்ரவரியில்தான் திரும்பத் திறக்கப்பட்டது. இடையில் பழைய வேன்களின் விலை ஏறிய ஏற்றத்தில், பிழையான வேனை வாங்கிவிட்டு ஆறு மாதத்தில் மாற்றிக்கொள்ளலாம் என்ற வசதி யாருக்கும் இல்லாமல் போனது.

எவ்ரியைப் புரிந்துகொள்ள ஜப்பானின் சட்டத்தைக் கொஞ்சம் தெரிந்துகொள்ள வேண்டும். அங்கே 'கேய்' என்று ஒரு சிறுவாகன வகுப்பு உண்டு. நீளம் 3.4 மீற்றருக்கும் அகலம் 1.48 மீற்றருக்கும் மேற்படக் கூடாது. எஞ்சின் 660 சிசிக்குள் இருக்க வேண்டும். ஆட்கள் நான்கு பேர், சாமான் 350 கிலோ, அவ்வளவுதான். குதிரைத்திறனும் 64க்கு மேல் போவதில்லை. இது கம்பனிகள் தங்களுக்குள் செய்துகொண்ட உடன்பாடு. இந்தக் கோடுகளுக்குள் எவ்வளவு இடத்தைப் பிடுங்கலாம் என்று பொறியியலாளர்கள் பல தலைமுறையாக மல்லுக்கட்டியதன் விளைவுதான் எவ்ரி. எஞ்சினை முன் இருக்கைக்கு அடியில் தள்ளி, பின் சக்கரங்களை ஓடவைத்து, மீதி நீளம் முழுவதையும் பெட்டியாக்கிவிட்டார்கள். இந்தியத் தெருக்களில் 1984இல் இறங்கி, பிறகு ஒம்னி என்று பெயர்பெற்ற மாருதி வேனும் இதே குடும்பத்துப் பழைய கிளைதான்.

டவுன்ஏஸ் 402 வேறு மண்ணில் பிறந்தது. 2008 முதல் இந்தோனேசியாவில் டைஹட்சு தொழிற்சாலையில் செய்யப்பட்டு ஜப்பானுக்கே ஏற்றுமதியாகும் வண்டி அது. எஞ்சின் இருக்கும் இடம், ஓடும் சக்கரம் இரண்டும் எவ்ரியைப் போலத்தான். அளவுதான் வேறு: நீளம் நான்கு மீற்றருக்குக் கொஞ்சம் மேல், 1,500 சிசி பெற்றோல் எஞ்சின், 97 குதிரைத்திறன், 750 கிலோ சுமை.

இரண்டிலும் பின் சக்கரம் ஓடுவது மலைக்குப் பெரிய வாசி. ஏற்றத்தில் வண்டியின் பாரம் பின்னால் சாய்கிறது. பின்னால் மூட்டையும் இருந்தால் டயர் தரையை இன்னும் இறுகப் பிடிக்கும். முன் சக்கரம் ஓடும் கார்கள் ஈரமான தோட்டத்து வீதியில் வீல் சுற்றிக்கொண்டு நிற்கும் இடத்தில் இவை ஏறிப் போவதற்குக் காரணம் இதுதான்.

இனி, "660 சிசி மலை ஏறுமா?" என்ற பழைய கேள்வி. பத்து மீற்றர் போனால் ஒரு மீற்றர் உயரும் ஏற்றத்தை எடுத்துக்கொள்வோம். ஆட்களோடு 1,200 கிலோ வரும் எவ்ரி அதில் மணிக்கு 30 கிலோமீற்றர் வேகத்தில் ஏற ஏறக்குறைய 15 குதிரைத்திறன் போதும். 50இல் ஏற வேண்டுமென்றால் 25க்கு மேல் வேண்டும். டேர்போ இல்லாத எவ்ரி வேனில் இருப்பது 49. ஆக, ஏறும். சங்கடம் வேறு இரண்டு இடங்களில் இருக்கிறது.

முதலாவது காற்று. ஹட்டன் உயரத்தில் காற்றின் அடர்த்தி கடல் மட்டத்தைவிட ஏறக்குறைய 12 வீதம் குறைவு, நுவரெலியாவில் 17 வீதம். தானாக மூச்சு இழுக்கும் எஞ்சினுக்கு அதே அளவில் பலமும் குறையும். 49 என்பது கொட்டகலையில் 43தான். டேர்போ எஞ்சின் காற்றை அழுத்தி உள்ளே தள்ளுவதால் இந்த இழப்பை அநேகமாக ஈடுசெய்துவிடும். கணக்குப் போட்டுப் பார்த்தால் ஒரு சுவாரசியம் தெரியும். நான்கு பேர் ஏறிய டேர்போ எவ்ரியில் ஒரு குதிரைத்திறன் சுமக்கும் பாரம் 18, 19 கிலோ. ஐந்து பேர் ஏறிய டவுன்ஏஸில், உயரத்தின் இழப்பைக் கழித்த பிறகு, அதே 18 கிலோ. டேர்போ இல்லாத எவ்ரியில் 27. அதாவது தேயிலை மலையில் பெரிய பிளவு எவ்ரிக்கும் டவுன்ஏஸுக்கும் நடுவே விழவில்லை. டேர்போ இருக்கும் எவ்ரிக்கும் இல்லாத எவ்ரிக்கும் நடுவே விழுகிறது. விற்பவர் இதைச் சொல்லமாட்டார், ஏனென்றால் வெளியிலிருந்து பார்த்தால் இரண்டும் ஒன்றுபோலத்தான்.

இரண்டாவது கியர். சின்ன எஞ்சினின் இழுவை 4,000 சுற்றுக்குப் பக்கத்தில்தான் முழுதாகக் கிடைக்கும். பாவமே என்று மூன்றாம் கியரில் மெதுவாக இழுக்கவைப்பவர்கள்தான் அதைக் கெடுக்கிறார்கள். இரண்டாம் கியரில் இரைந்துகொண்டு ஏறுவதுதான் அதற்குச் சுகம். எவ்ரி வேனில் 2024 வரை வந்த ஏஜிஎஸ் என்ற தானியங்கி, உண்மையில் கிளச்சை மோட்டார் அழுத்தும் சாதாரண ஐந்து கியர் பெட்டி. சமதரையில் நல்லது. ஹட்டன் நகரத்து ஏற்றத்தில் வாகன நெரிசலில் அங்குலம் அங்குலமாக நகரும்போது அதன் கிளச்சை நினைத்தால் எனக்குப் பயம்தான். கையால் போடும் கியர், இல்லாவிட்டால் டேர்போவோடு வந்த பழைய நான்கு கியர் ஓட்டோ என்பதே என் தெரிவு.

ஏற்றத்தைப் பற்றி இவ்வளவு பேசுகிற நாம் இறக்கத்தைப் பற்றிக் குறைவாகவே பேசுகிறோம். 1,600 கிலோ பாரத்தோடு ஒரு வேன் நுவரெலியாவிலிருந்து தலவாக்கலைக்கு வரும்போது ஏறக்குறைய 670 மீற்றர் கீழே இறங்குகிறது. அந்த இறக்கத்தில் வெளிவரும் சக்தி முழுவதும் வெப்பமாக மாறினால் முப்பது லிட்டர் தண்ணீரைக் கொதிக்கவைக்கலாம். காலை பிறேக்கிலேயே வைத்திருந்தால் அதில் பெரும்பங்கு பிறேக் தட்டிலும் டிரம்மிலும்தான் போய்ச் சேரும். சூடு கூடினால் பிறேக் எண்ணெயில் உள்ள ஈரம் ஆவியாகும். மிதித்தால் கால் உள்ளே போகும், வண்டி நிற்காது. 2023 ஜனவரி 20ஆம் திகதி நானுஓயா ரதெல்ல குறுக்கு வீதியில், பாடசாலை மாணவர்களை ஏற்றி வந்த பஸ் ஒரு வேனிலும் முச்சக்கர வண்டியிலும் மோதி ஏழு பேர் இறந்தார்கள். அவர்களில் ஆறு பேர் வேனில் வந்தவர்கள். இறக்கத்தில் கனமான வண்டி என்ன செய்யும் என்பதை இந்தப் பக்கத்தில் யாருக்கும் விளக்கத் தேவையில்லை.

ஆகவே ஏறிய கியரிலேயே இறங்க வேண்டும். எஞ்சின் பிடித்து இழுக்கும் பலம் டவுன்ஏஸில் கூட, ஆனால் அது சுமக்கும் பாரமும் கூட. எவ்ரிக்கு எடை குறைவு என்பதால் பிறேக்குக்கு விழும் வேலையும் குறைவு. ஆனால் அது நான்கு பேருக்கு என்று செய்த வண்டி. அதில் ஒன்பது பிள்ளைகளையும் புத்தகப் பைகளையும் அடைத்தால் அந்த வாசி போய்விடும். பிறேக் எண்ணெயை இரண்டு வருடத்துக்கு ஒருமுறை மாற்றுவது மற்ற எல்லாச் செலவையும்விட மலிவு.

உட்காரும் வசதியில் ஒரு சூட்சுமம் உண்டு. ஜப்பானில் சாமான் வேன் என்று பதிய வேண்டுமென்றால் சாமான் இடம் ஆள் இருக்கும் இடத்தைவிடப் பெரிதாக இருக்க வேண்டும். அதனால் எவ்ரி வேனின் பின் இருக்கை மெல்லிய பலகைபோல நிமிர்ந்து நிற்கும், முழங்கால் முன் இருக்கையில் இடிக்கும். கண்டிவரை அதில் மாமியாரை அழைத்துப் போனால் வீட்டில் சமாதானம் இராது. 'எவ்ரி வேகன்' என்று வருவது பயணிகள் வகை. அதன் இருக்கை சாயும், முன்பின் நகரும், 2015 மாதிரியில் டேர்போவும் கட்டாயம் உண்டு. விலை கூட. மூட்டை ஏற்ற மனம் வராத அளவுக்கு உள்ளே அழகாகவும் இருக்கும். டவுன்ஏஸின் பின் இருக்கையும் சொகுசு என்று சொல்ல முடியாது, ஆனால் மூன்று பெரியவர்கள் தோளிடிக்காமல் உட்காரலாம்.

வீதி அகலத்தில் எவ்ரிக்கு மறுபேச்சு இல்லை. ஒரே வெட்டில் திரும்ப அதற்கு வேண்டிய ஆரை 4.1 மீற்றர், டவுன்ஏஸுக்கு 4.9. ட்ரேட்டன், ஸ்டோனிகிளிப் போன்ற தோட்டங்களின் உள்வீதிகளில் எதிரே கொழுந்து லொறி வந்தால் ஒதுங்குவதற்கு இந்தச் சின்ன வித்தியாசம் பெரிது. எண்ணெய்ச் செலவிலும் அப்படித்தான். 2022இல் எரிபொருளுக்குக் கியூஆர் அட்டை வந்தபோது எல்லா வேன்களுக்கும் ஆரம்பத்தில் வாரத்துக்கு 20 லிட்டர் என்றுதான் கொடுத்தார்கள். அதே 20 லிட்டரில் சின்ன வேன்காரர் போன தூரம் பெரிய வேன்காரருக்கு எட்டவில்லை.

என் கணக்கு இப்படி: கடை, வீடு, பாடசாலை என்று நாள் ஓடுகிறவர்களுக்கு டேர்போ எவ்ரி. வாரத்தில் மூன்று நாளாவது மரக்கறி ஏற்றுகிறவர்களுக்கும் ஹயர் ஓடுகிறவர்களுக்கும் டவுன்ஏஸ். நான்கு பேரை ஏற்றிய எவ்ரியில் ஜப்பானியச் சட்டப்படி மிஞ்சுவது 250 கிலோ. கோவா மூட்டை ஐந்தாறு போட்டால் அது தீர்ந்துவிடும். எப்போதோ வரும் கல்யாணத்துக்காகப் பெரிய வேன் வாங்குவதைவிட அன்றைக்கு ஒரு டொல்பின் வேனை வாடகைக்குப் பிடிப்பது இலாபம்.

வாங்கப் போகும்போது முன் இருக்கையைத் தூக்கிப் பாருங்கள். எஞ்சின் அங்கே அடைபட்டுக் கிடப்பதால் கூலன்ட் கசிவும் எண்ணெய்க் கசிவும் நாள்கணக்கில் யார் கண்ணிலும் படாமல் இருக்கும். ஜப்பானில் பனி விழும் பகுதிகளில் வீதிக்கு உப்புப் போடுவார்கள். அங்கே ஓடிய வேன் மேலே பளபளவென்று இருந்தாலும் அடிப்பாகம் துருப்பிடித்திருக்கும். ஜப்பானிய ஏலத் தாளைக் கேட்டு வாங்குங்கள். ஓடிய தூரமும் அடிபட்ட இடங்களும் அதில் குறித்திருக்கும். ஓட்டிப் பார்க்கும்போது விற்பவரையும் அவர் ஆட்களில் இரண்டு பேரையும் பின்னால் ஏற்றிக்கொண்டு, தலவாக்கலையிலிருந்து கொட்டகலைக்கு ஏறும் பக்கமாக ஓட்டுங்கள். பிறகு அதே வழியில் இரண்டாம் கியரில் இறங்கி, கீழே நிறுத்தி, சக்கரத்தின் அருகே மூக்கைக் கொண்டுபோய் மணம் பாருங்கள்.